மீன் தொட்டியில் பாசி பிடித்தால்...



வீட்டில் அலங்கார மீன் வளர்க்கும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, தொட்டி பச்சையாப் போச்சு, என்ன மருந்து போடலாம்?" மருந்தே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று இம்மாதம் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத் தீவுகளிலும் கரையோரங்களிலும் பல கிணறுகளில் உவர்நீர்தான். அந்த நீரைத் தாங்கி வளரக்கூடிய மீன் மொல்லி. அதனால் அங்குள்ளவர்களுக்கு மொல்லி ஏற்றது. ஆனால் பாசியும் அதே நீரில் நன்றாக வளரும்.

பாசிக்கு வெயிலும் உரமும் வேண்டும். வெயிலுக்கு எங்களிடம் குறைவில்லை. நைத்திரேற்று, பொசுபேற்று ஆகிய உரங்கள் மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வருகின்றன. கிணற்றிலிருந்தும் நைத்திரேற்று வரும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதனூடாக இலகுவில் கிணற்றைச் சேர்கின்றன.

பாசி பகலில் ஒட்சிசனை வெளிவிடும். இரவில் மீனுடன் போட்டியிட்டு ஒட்சிசனை எடுக்கும். நீர் கடும் பச்சையான தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான். இந்த நிலையில் மயில்துத்தம் போட்டால் பாசி மொத்தமாகச் செத்து அழுகும். இருக்கிற ஒட்சிசனும் போய்விடும். துத்தத்திலுள்ள செம்பு மீனுக்கும் நஞ்சு. மாதக்கணக்காக வளர்த்த மீன் ஓரிரவில் செத்தால், பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் நம்பியிருந்த காசும் போய்விடும்.

ஆகவே பாசிக்கு நஞ்சு வைக்காமல், அதன் உணவைக் குறையுங்கள்.

1. தொட்டியின் பாதிக்கு மேல் கிடுகால் நிழல் செய்யுங்கள்.

2. மூன்று நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுங்கள்.

3. கிழமைக்கு ஒரு தடவை அடியிலுள்ள கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மாரியில் சேமித்த மழைநீர் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். உவர்த்தன்மை சட்டென்று மாறக்கூடாது.

4. நூல்போல் படரும் பாசியைக் கையால் அள்ளி எடுங்கள். சவர்க்காரம் கூடாது. சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய பாசியை விட்டுவிடுங்கள். மொல்லி அதை மேய்ந்து தின்னும்.

இவ்வளவும் செய்தும் பாசி குறையவில்லையா? கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கலாம். பாசியை வைத்து மட்டும் அதை உறுதிசெய்ய முடியாது. நீரைப் பரிசோதிக்க வேண்டும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வது தடைப்பட்டு உடல் நீலம் பாரிக்கலாம்.

எனவே கைக்குழந்தை உள்ள வீட்டார், கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தாமதியாமல் கேளுங்கள்.