பயிற்சி வானில் பலியாகும் இளைஞர்

2023-ம் வருஷம் மார்ச் மாதத்தில் மத்தியப் பிரதேசத்துப் பாலகாட் ஜில்லாவில் ஒரு பயிற்சி விமானம் காட்டில் விழுந்து, ஆசிரியரும் மாணவியும் மாண்டனர். அவ்வருஷம் அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நான்கே தினங்களுக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன. 2024 ஆகஸ்டில் ஜம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய விமானம் சாண்டில் அணை நீரில் மூழ்கி இருவரைப் பலிகொண்டது. 2025 ஏப்ரலில் குஜராத்திலுள்ள அம்ரேலியில் ஒரு மாணவர் உயிரிழந்தார்.

ஒவ்வொரு முறையும் "விமானியின் பிழையோ?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. இறந்தவன் எதிர்வாதம் செய்ய வரமாட்டான் என்பது அதிகாரிகளுக்கு எவ்வளவு சௌகரியம்! பிழை செய்வது கற்பவனின் இயல்பு. அது உயிரைக் குடிக்காமல் காப்பது பள்ளியின் கடமை. இறங்கும் தறுவாயில் வேகங்குறைந்து திரும்பும் சிறு விமானத்தின் இறக்கை தாங்கும் சக்தியை இழந்தால், அது சுழன்று விழும். உயரத்தில் இருந்தால் மீட்கலாம். சில நூறு அடியில் அதற்கு அவகாசமில்லை. இந்த அபாயம் விமானக் கலையில் தேர்ந்தோர் யாவரும் அறிந்ததே. அறிந்த அபாயத்திற்கு மாணவனை இரையாக்குவதை விதியென்று சொல்லலாமா?

2023-ல் நம் நாட்டின் இரண்டு பெரிய கம்பெனிகள் முறையே 470, 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்ட விமானிகள் வேண்டும். லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். நிலத்தை விற்றுப் பணங்கட்டிய பெற்றோரின் பிள்ளைகள் அந்த மணிகளுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். அவசரம் புகுந்த இடத்தில் ஜாக்கிரதை வெளியேறுவது உலக வழக்கம். 2025-ல் சர்க்கார் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்தபோது, முதலிரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. அப்பள்ளிகளுக்கு அனுமதி அளித்தவர்கள் யார்? சர்க்கார் அல்லவா?

விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, மறு விபத்தைத் தடுப்பதே என்பதும், இறுதி அறிக்கை கூடியவரை 12 மாதங்களுக்குள் வெளிவர வேண்டுமென்பதும் சர்வதேச விதி. ஆரம்ப முடிவுகளை ஒரு மாதத்திற்குள் வெளியிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்முன் படிக்கச் செய்ய வேண்டுமென நாம் கோருகிறோம். பழுது பார்த்த பதிவேடுகளையும் ஆசிரியர்கள் பறந்த நேரக் கணக்குகளையும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். பழுதுள்ள விமானத்தில் ஏற மறுக்கும் மாணவனுக்குத் தண்டனை கூடாது.

தேசத்திற்குச் சிறகுகள் தேவைதான். அவற்றிற்கு நம் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுக்க நாம் ஒருநாளும் சம்மதியோம்.