வலைத்தளத்திற்கு எந்த மொழி?

நம் ஆண்டு மலரின் பழைய இதழ்களை வலையேற்ற வேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே எழுந்துள்ளது. நல்ல எண்ணம்! ஆனால், "எந்த மொழியில் எழுதுவது?" என்ற வாக்குவாதத்திலேயே பொழுது கழிகிறது. பிஎச்பி என்பார் ஒருவர்; பைத்தான் என்பார் மற்றொருவர்; நோட்.ஜேஎஸ் என்பார் இன்னொருவர். புதியது என்பதற்காகவே ஒன்றைத் தேர்வது அறிவுடைமை ஆகாது.

வாசகர் கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் கேட்கிறார். எங்கோ உள்ள சர்வர் அதைத் தொகுத்து அனுப்புகிறது. அத்தொகுப்பு வேலைக்குரிய மொழியே நாம் தேடுவது. அதற்கு மூன்று சோதனைகள் வைக்கலாம்.

முதலாவது, எந்தக் கணினியிலும் அது இயங்க வேண்டும். ஓர் அச்சகத்தில் கோத்த தமிழ்ப் பக்கம், அதே எழுத்துரு இல்லாத மற்றோர் அச்சகத்தில் கிறுக்கலாய்த் தெரிந்த காலத்தைச் சிவகாசி வட்டாரம் அறியும் அன்றோ? பழைய ஏஎஸ்பி விண்டோஸ் சர்வரையே நம்பியிருந்தது. மேற்சொன்ன மூன்றுமோ லினக்ஸிலும் ஓடும். எனினும் கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். வீட்டில் ஓடிய தளம் சர்வரில் முடங்க இதுவே போதும்.

இரண்டாவது, தமிழை அது சிதைக்கலாகாது. 'திருத்தங்கல்' என்பதில் எழுத்துகள் 7. யூனிகோடு குறிகளோ 12. யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 36. பிஎச்பியின் சாதாரண நீள அளவை 36 என்கிறது. பைத்தான் 3 சொல்வது 12. இப்பெயரை 20 பைட்டில் வெட்டினால் எழுத்து நடுவே அறுபடும். பிஎச்பியில் எழுத்துக் கூறுகளை எண்ணும் தனிச் செயற்கூறு உண்டு. அதுவே சரியாக 7 என்னும். அதைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

மூன்றாவது, நாம் பட்டம் பெற்றுச் சென்றபின் அடுத்த ஆண்டு மாணவர் அதைப் படித்துத் திருத்த இயல வேண்டும். இதுவே தலையாய சோதனை என்பேன்.

இம்மூன்றையும் சீர்தூக்கின் நமக்குப் பிஎச்பியே ஏற்றது என்பது என் கருத்து. குறைந்த கட்டணச் சர்வர்களிலும் அது கிடைக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கியும் பிஎச்பியில் எழுதப்பட்டதே. பைத்தான் அறிந்தோர் மிகுந்தால் அதையும் மறுக்கமாட்டேன்.

நண்பர்களே, வாதத்தை ஒரு வாரத்தில் முடிப்போம். பழைய மலர்களின் தாள்கள் நமக்காகக் காத்திரா!