பன்னிரண்டு மூலைக் கல்
பெரு நாட்டுக் குஸ்கோ நகரின் பன்னிரண்டு மூலைக் கல்லை 2025 பிப்ரவரியில் ஒருவர் சுத்தியலால் அடித்துச் சிதைத்த செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஹாத்துன் ருமியோக் தெருவில் அந்தக் கல் பதிந்திருக்கும் சுவரை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. ஒவ்வொரு கல்லும், பக்கத்துக் கல் எங்கே வளைகிறதோ அங்கே தானும் வளைந்து, ஊசி நுழைய இடமில்லாமல் அமர்ந்திருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டிய, அங்கே முன்பு ஆண்ட இன்காக்களிடம் இரும்பு உளி கிடையாது. கெட்டியான ஆற்றுக் கற்களைக் கையில் பிடித்துக் கொத்திக் கொத்தியே செதுக்கினார்கள். ஜான் பியர் புரோட்ஸன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் அதே முறையில் தானே கல் கொத்திப் பார்த்தார். இன்காக் கற்களின் நடுவில் பெரிதாக இருக்கும் கொத்துத் தழும்புகள் விளிம்பை நெருங்க நெருங்கச் சிறுத்துப்போவதையும் அவர் கவனித்தார். ஓரம் உடைந்துவிடாமலிருக்க, அங்கே வந்ததும் சிறிய கல்லை எடுத்து மெல்லத் தட்டியிருக்கிறார்கள்! பெயர் தெரியாத அந்தக் கல்தச்சர்களின் நிதானம்தான் என்னை மலைக்க வைக்கிறது. 1950 நிலநடுக்கத்தில் குஸ்கோவின் சாந்தோ தொமிங்கோ மடம் பெரும் சேதமடைந்தபோதும், அதற்குள் இருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் நின்றன. குஸ்கோ செல்ல வாய்த்தால், அந்த ஒரு கல்லோடு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். முழுச் சுவரையும் நின்று பாருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள்.