பல்பின் மின்தடை எவ்வளவு?

230 வோல்ட், 60 வாட் என்று பொறித்த டங்ஸ்டன் இழை பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 0.26 ஆம்பியர், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஏறக்குறைய 880 ஓம். தேர்வில் முழு மதிப்பெண்!

இனி, ஹோல்டரில் மாட்டாத, நன்கு ஆறிய அதே பல்பை ஆசிரியர் முன்னிலையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 100 ஓம்கூடத் தேறாது. கருவி பழுதா? இல்லை. எரியும்போது இழையின் வெப்பநிலை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ். உலோகம் சூடேறச் சூடேற அதன் மின்தடையும் ஏறும். குளிர்ந்த இழையிலோ சுவிட்சைப் போட்ட கணத்தில் சுமார் பத்து மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. நைந்த பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் உயிரை விடுகின்றன.

ஆகவே, 'பல்பின் மின்தடை என்ன?' என்று மொட்டையாகக் கேட்பது அரைக் கணக்குதான் என்பேன். எரியும்போதா, ஆறியிருக்கும்போதா என்று எழுந்து கேளுங்கள், ஆசிரியர் கோபிக்கமாட்டார்.