கனத்தின் மேல் வைத்த பக்தி

பாய்மரப் படகில் நெடுந்தூரக் கடல் யாத்திரை செய்வோரிடையே, நங்கூரமும் சங்கிலியும் எவ்வளவுக்கெவ்வளவு கனக்கின்றனவோ அவ்வளவுக்கவ்வளவு படகு க்ஷேமமாக நிற்கும் என்றோர் அபிப்பிராயம், சாஸ்திரப் பிரமாணம் போலத் துறைதோறும் ஓதப்பட்டு வருகிறது. முன்னோர் சொன்னார்கள் என்பதைத் தவிர இதற்கு வலுவான ஆதாரம் ஒன்றும் இல்லை.

நங்கூரம் படகை நிறுத்துவது தன் பாரத்தினால் அன்று; மண்ணுக்குள் ஆழப் புதைந்து, அந்த மண்ணின் எதிர்ப்பையே தன் பலமாக்கிக்கொள்வதனால். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானியும் பாய்மரப் படகோட்டியுமான ஜி. ஐ. டெய்லர் 1933-இல் கலப்பைக் கொழுவை ஒத்த நங்கூரத்தை அமைத்தபோது நாடியது, தன் எடையைக் காட்டிலும் பன்மடங்கு இழுவையைத் தாங்கும் வடிவத்தையே. இன்று இலேசான அலுமினிய நங்கூரங்கள்கூட மணலிலும் சேற்றிலும் அபாரமாகப் பிடிக்கின்றன. கடற்புல் அடர்ந்த தரையைக் கிழித்து இறங்க ஓரளவு கனம் உதவும். அதை நான் மறுக்கவில்லை.

சங்கிலியின் கதை இன்னும் விசித்திரமானது. அது தன் பாரத்தால் தொய்ந்து தரையில் படிந்து கிடப்பதால், நங்கூரம் மேல்நோக்கி இழுபடாமல் கிடையாகவே இழுபடும் என்பது அன்பர்களின் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மில்லிமீட்டர் சங்கிலி, மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, நீருக்குள் ஏறக்குறைய 2 கிலோ. படகின் அணியத்திலிருந்து தரை 6 மீட்டர் கீழே இருக்க, 30 மீட்டர் சங்கிலி விட்டிருந்தால், ஏறத்தாழ 145 கிலோ இழுவையிலேயே கடைசி வளையமும் தரையை விட்டு எழுந்துவிடும். புயற்காற்றில் 12 மீட்டர்ப் படகு இதைவிட மிக அதிகமாக இழுக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது, சங்கிலியின் எடையோ மாறுவதில்லை. மழை வந்ததும் மடங்கிக்கொள்ளும் குடையைப் போன்ற இந்தக் காவலைத்தான் நம்பச் சொல்கிறார்கள்!

பெருங்கப்பல்களைப் பார்த்துப் பிறந்த மயக்கம் இது. பத்து மடங்கு நீளமான கப்பலில் காற்று மோதும் பரப்பு நூறு மடங்காகும். அதே விகிதத்தில் வளர்ந்த சங்கிலியின் மொத்த எடையோ ஆயிரம் மடங்காகிவிடும். அங்கே தொய்வு மெய்யாகவே காக்கிறது; சிறு படகுக்கு அந்த நியாயம் செல்லாது.

பாறையும் பவளமும் கயிற்றை அறுத்துவிடும் என்பதற்காகவே நமக்குச் சங்கிலி தேவை. அதற்கு வேண்டியது பலம். 70-ஆம் தரத்து 8 மில்லிமீட்டர் சங்கிலி சுமார் 7 டன் வரை அறாது; 30-ஆம் தரத்து 10 மில்லிமீட்டர்ச் சங்கிலி 5 டன்னைக்கூட எட்டாது. (ஆனால் முந்தையதன் துத்தநாக முலாம் தேய்ந்தபின் மறுபடி முலாம் பூசினால், உருகிய துத்தநாகத்தின் சூட்டில் அதன் பலம் குன்றக்கூடும்.) 10 மில்லிமீட்டருக்குப் பதில் 8 மில்லிமீட்டர்ச் சங்கிலி எடுத்தால், 60 மீட்டரில் அணியத்தின் பாரம் 50 கிலோவுக்கு மேல் குறையும், அதில் ஒரு பகுதியை இன்னும் அகன்ற அலகுடைய நங்கூரத்துக்குச் செலவிடலாம். அலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, நீளும் இயல்புடைய நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியோடு பிணைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே படகுக்குச் சாமான் வாங்கப்போகும் அன்பர்கள், எத்தனை கிலோ என்று கடைக்காரரை விசாரிப்பதற்கு முன், நங்கூரத்து அலகின் பரப்பு எவ்வளவு, சங்கிலியின் தரம் எது என்று கேட்பார்களாக.