படிப்புக்காகக் கடன் படலாமா?

கடந்த மாதம் பளையில் ஒரு தகப்பன் விண்ணப்பப் படிவமொன்றுடன் எம்மிடம் வந்தார். மகள் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். அரச பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. தனியார் நிறுவனமொன்றில் பட்டம் படிக்க அரசாங்கத்தின் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "வட்டியில்லாத காசு தானே சுவாமி, பிறகென்ன பயம்?" என்றார். உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை.

கன்னங்கரா காலத்தில், 1940களில் வந்த இலவசக் கல்வியால் எமது ஏழைப் பிள்ளைகளும் பட்டதாரிகளாயினர். அரச பல்கலைக்கழகங்களில் இன்றும் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும் இடம் குறைவு. தகுதியிருந்தும் இடம் கிடையாதவர்களுக்கென 2017இல் தொடங்கியதே இந்தக் கடன் திட்டம். தொடக்கத்தில் எட்டு இலட்சம் ரூபா வரை கிடைத்தது. வட்டியை அரசு ஏற்கும். முதலைப் பிள்ளைதான் கட்ட வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். எட்டு இலட்சத்தை ஏழு வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் 9,500 ரூபாவுக்கு மேல் வருகிறது. 2020இல் வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது அரசு கொடுத்த மாதப்படி 20,000 ரூபா. ஏறக்குறையப் பாதி கடனுக்கே போய்விடும். அந்தப் படிகூடக் கிடைக்காமல் 2017இல் யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் இருந்ததை நாம் மறக்கவில்லை. அமெரிக்காவில் மாணவர் கடன் ஒன்றரை இலட்சம் கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அங்கே நடுவயதிலும் படித்த காசைக் கட்டிக்கொண்டிருப்பவர் பலர்.

எமது நிலை இன்னும் வேறு. 2000இல் ஓடினோம், பின்னரும் ஓடினோம். திரும்பி வந்தபோது தலையில்லாத தென்னைகள் நின்றன. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காணியில் கால் வைக்க முடியவில்லை. அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி ஈடு வைக்கவும் இயலாது. ஆகவே கைக்காசு முடைப்பட்டால் முதலில் தாலிக்கொடி அடகுக்குப் போகும், அடுத்து நுண்கடன். அந்த நுண்கடனில் எமது பெண்கள் பட்ட பாடு ஊரறிந்தது. வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. படிப்புக் கடன் கட்டணத்துக்குச் சரியாகலாம். கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மறுபடி அதே கதவைத்தான் தட்டுவோமா?

கடனே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள், முன்பு படித்து வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்று விசாரித்துவிட்டே கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. "மெக்கானிக் வேலைக்கோ பிள்ளையை வளர்த்தோம்?" என்று கேட்கும் பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. பரிசளிப்பு விழா மேடைகளில் டொக்டரையும் எஞ்சினியரையும் மட்டுமே புகழ்ந்த குருக்களாகிய எமக்கும் அதில் பங்குண்டு.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. உழைப்பு ஒரு மட்டத்துக்கு வந்த பிறகே தவணை தொடங்கட்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகியது நல்லதே. அன்றைய விலைவாசியில் அது எத்தனை நாட்சாப்பாட்டுக்குக் கண்டிருக்கும்? ஊரிலும் ஒன்று செய்யலாம். தென்னை உள்ள வீடுகள் ஆளுக்கொரு மரத்தின் காயைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கல்வி நிதிக்கு விட்டால், ஒரு பிள்ளையின் அறை வாடகையாவது நகை அடகில்லாமல் போகும்.

அந்தத் தகப்பனிடம் மகளின் விருப்பம் என்னவென்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. படிவத்தை எமது மேசையில் விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.