நாய்க்குப் பச்சைக் கறி போடலாமா?

அவினாசி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நானும் அவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீட்டில் மாமியார், மூன்று வயசுப் பையன், ஒரு நாய். கோழிக்கடையில் கழுத்து, கால், குடல் எல்லாம் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கிறது. அதை வேக வைக்காமல் பச்சையாகப் போட்டால்தான் நாய்க்கு நல்லது என்று செல்போன் வீடியோவில் சொல்கிறார்கள். மாமியாரோ, 'பச்சைக் கறி போட்டா நாய் வெறியாயிடும்'னு சத்தம் போடுகிறார். யார் சொல்வது சரி?"

சகோதரி, மாமியார் சொல்லும் காரணம் சரியில்லை. ஆனால் முடிவு சரி. பச்சைக் கறி தின்பதால் நாய்க்கு வெறி பிடிக்காது. வெறிநோய், அந்த நோயுள்ள பிராணி கடிப்பதால் வருவது. அதற்குத் தடுப்பூசிதான் காவல். ஆனாலும் பச்சைக் கறி வேண்டாம் என்றே நானும் சொல்வேன். காரணம் நாயின் வயிற்றில் இல்லை, உங்கள் பையனின் கையில் இருக்கிறது.

முதலில் வீடியோக்காரர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை டாக்டர், நாய்க்குப் பச்சை எலும்பும் கறியும்தான் ஏற்ற ஆகாரம் என்று 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் பல தேசங்களிலும் பரவியது. நாய் ஓநாய் வம்சம், ஓநாய் சமைத்துத் தின்பதில்லை என்பது அவர்கள் வாதம். எங்கள் லைன் வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தியும் இதையே கேட்டாள்: "ஏனுங்கக்கா, காட்டுல ஓநாய் அடுப்பு மூட்டியா திங்குது?"

"இல்லதான் கண்ணு. ஆனா ஓநாய் உம்பட திண்ணையில படுக்கறதில்ல, உன்ற புள்ள மூஞ்சிய நக்கறதும் இல்ல" என்றேன்.

தவிர, நாய் இன்று முழு ஓநாயும் அல்ல. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்க்கோ 4 முதல் 30 பிரதி வரை இருக்கிறதாம். மனிதர்கள் பயிர் செய்து சாப்பிட ஆரம்பித்த பிறகு, நம் மிச்சம் மீதியைத் தின்று தின்று நாயின் வயிறே பழகிவிட்டது. கம்மஞ்சோற்றையும் ராகிக் களியையும் தின்று தோட்டம் காத்த நம்மூர் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். இதில் கோழி வேறு, ஆடு வேறு.

நம் பல்லடம் வட்டாரம் கறிக்கோழிக்குப் பேர் போனது. அதனால் கோழிக் கழிவு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற கிருமிகள் இருப்பது சகஜம். நாய் அதைத் தின்றுவிட்டு வாட்டமில்லாமல் ஓடியாடலாம். ஆனால் கிருமி அதன் மலத்தில் வெளியேறும். வாயிலும் முடியிலும் ஒட்டும். நாய் சாப்பிட்ட தட்டு, கறி நறுக்கிய கத்தி, கழுவிய தொட்டி எல்லாவற்றிலும் இருக்கும். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயசானவர்கள் ஆகியோருக்கு அதனால் வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கடுமையாகலாம். ஃப்ரீசரில் வைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். குளிர் இந்தக் கிருமிகளைத் தூங்க வைக்குமே தவிர, ஒழித்துவிடாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், நாய் பூனைகளுக்குப் பச்சை இறைச்சி தர வேண்டாம் என்று 2012-லேயே கொள்கையாக அறிவித்துவிட்டது.

ஆட்டு விஷயம் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியது. பச்சை ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி இருந்து, அதை நாய் தின்றால் அதன் குடலில் ஒரு நாடாப்புழு வளரும். நாடா என்றதும் பாவாடை நாடா நீளத்துக்கு நினைக்காதீர்கள். சீரக அளவுதான் இருக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வந்து மண்ணிலும் கீரையிலும் நாயின் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையைக் குழந்தை வாயில் வைத்தால் முட்டை வயிற்றுக்குள் போய்விடும். பிறகு ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வருஷக்கணக்கில் மெல்ல வளரும். ஹைடாடிட் கட்டி என்பார்கள். ஐந்து வயசில் புகுந்தது பெரியவளான பிறகு ஆபரேஷனில் கொண்டுபோய் விடலாம். நாய்க்கோ பெரும்பாலும் எந்த உபத்திரவமும் தெரியாது.

இது நம் ஜில்லாவுக்கு ரொம்பவும் சம்பந்தப்பட்ட சங்கதி. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் ஆடுகளை விட்டு வளர்க்கிறார்கள். 2024, 2025-ல் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியதும் பேப்பரில் படித்திருப்பீர்கள். கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டுவதால் நாய்கள் அங்கேயே கூடிப் பெருகுகின்றன என்பது விவசாயிகளின் புகார். செத்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டால் அதன் ஈரலும் நுரையீரலும் மறுபடி நாய்களுக்குத்தான் போகும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கிடா வெட்டு, விருந்து என்று வீட்டில் ஆடு அறுத்தாலும் இதே கட்டுப்பாடுதான். பெண்கள் நாம்தானே கடைசியில் வாசல் கூட்டுகிறோம். குடலும் ஈரலும் எங்கே போகிறது என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது ஆகிற காரியமா என்று சந்தேகப்பட வேண்டாம். ஐஸ்லாந்து என்ற குளிர்தேசமும் ஆட்டையும் நாயையும் நம்பிப் பிழைத்த ஊர்தான். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நீர்க்கட்டி அங்கே ஏராளமான பேரை வாட்டியது. ஹரால்டு கிராபே என்ற டென்மார்க் டாக்டர் 1863-ல் அங்கே போய் ஆராய்ந்தார். மறு வருஷம் மக்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதைத்துவிடு, நாய்க்குப் பூச்சி மருந்து கொடு என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டமும் வந்தது. காலப்போக்கில் அந்த நோயே அந்தத் தேசத்தை விட்டுப் போய்விட்டது. பெரிய மருந்து எதுவும் இல்லை. வீட்டுப் பழக்கம் மாறியதுதான்.

அப்படியானால் என்ன கொடுப்பது? 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமாராக இந்த அளவு போதும். எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம், அரிசி 100 கிராம், ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட். எல்லாவற்றையும் குழைய வேக வைத்து, ஆறிய பின் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். அதனால் மிச்ச பிரியாணியும் சால்னாவும் வேண்டாம். திராட்சை, சாக்லேட்டும் விஷம்தான்.

கழுத்து வாங்கினால் வேக வைத்துச் சதையை மட்டும் உரித்துப் போடுங்கள். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். அந்த எலும்பை மூடி போட்ட தொட்டியில் போடுங்கள். குடல் வேண்டவே வேண்டாம். வெறும் கறியும் சோறும் மட்டுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து குறையும். குட்டி நாய்க்குக் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காய வைத்து, மாவாகப் பொடித்து, மேலே சொன்ன அளவுக்கு அரை டீஸ்பூன் கலக்கலாம். குட்டிக்கும் சினை நாய்க்கும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை கொடுங்கள். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் கலந்த மாத்திரையாகக் கேளுங்கள். எடைக்குத் தக்க அளவை அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்வார்கள். உடுமலைப்பேட்டையில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாயின் மலத்தை அள்ளிப் புதையுங்கள். நாயோடு விளையாடிய பையன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டில் உட்காரக் கூடாது என்று மாமியாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். அவர் கண்டிப்பாக நடத்தி வைப்பார்.

காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் உங்களுக்குச் சோறு வேகும்போதே பக்கத்து அடுப்பில் அதுவும் வெந்துவிடும். கூடுதல் செலவு இருபது நிமிஷ காஸ்தான்.